சாவி தொங்கும் இடம்

படகு இன்ஜினின் தண்ணீர் வடிகட்டியைக் கழுவுவது அவள் வேலை. புருஷன் பல் தேய்த்து முடிப்பதற்குள் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் இன்ஜின் அறைக்குள் தலையை விடுவாள். கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடுவாள். இன்ஜின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டுவாள். அப்புறம்தான் வடிகட்டியைக் கழற்றிக்கொண்டு மேல்தளத்துக்கு வருவாள். சாவியை எடுக்கக் குனிகிறவர் மூக்குக்கு நேரே மூடிய வால்வு தெரியும்; திறந்துவிட்டுத்தான் நிமிர்வார். தண்ணீர் ஏறாமல் இன்ஜின் ஓடினால் அதைக் குளிரவைக்கும் பம்ப் சீக்கிரமே நாசமாகிவிடும். அதற்காக அவள் போட்ட சட்டம் இது.

ஊரில் பம்ப்செட் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவள். புருஷன் துணிக்கடையில் சேலை மடித்தவர். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போனபிறகு கடையை விற்று, கரையேறிக் கிடந்த பழைய பாய்மரப் படகை வாங்கி, சரக்குக் கப்பல் எப்போதாவது எட்டிப் பார்க்கும் தீவுகளுக்கு நடுவே குடித்தனம் போட்டார்கள். பாய், திசை, சமையல் மூன்றும் அவர் பொறுப்பு. எண்ணெய் பிசுக்கு ஒட்டுகிற எதுவும் அவளுடையது. பக்கத்தில் நங்கூரம் போடும் படகுக்காரர்கள் அவளை ஸ்பானரம்மா என்பார்கள். யாருடைய ஜெனரேட்டர் இருமினாலும் இவளுக்குத்தான் ஆள் வரும். கூலி மீனாகவும் வாழைத்தாராகவும் வந்து சேரும்.

அவருடைய அக்கா வந்திருந்தாள். தம்பியைப் பார்க்க மட்டும் வரவில்லை, கையோடு கரைக்குக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

“ஈரத்துண்டும் ஸ்பானரும் ஒரே கொடியில தொங்குது. இதெல்லாம் ஒரு வீடாடா?”

அவர் சிரித்துக்கொண்டே ஒதுங்கவைக்க ஆரம்பித்தார். துணிக்கடைக் கை, கலைந்ததைக் கண்டால் தானாகவே போகும். போர்வையை மடித்தது, தம்ளர்களை அடுக்கியது, இன்ஜின் அறையைச் சாத்தப் போன இடத்தில் வால்வில் தொங்கிய சாவியையும் எடுத்து, அது வழக்கமாகத் தொங்கும் கதவோரக் கொக்கியில் மாட்டியது.

மேலே அவள், விரிசல் விட்ட வடிகட்டி வளையத்துக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் ட்யூபில் ஒன்று வெட்டிக்கொண்டிருந்தாள்; அன்று வேலை இழுத்துவிட்டது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் தண்ணீருக்கடியில் பவளப்பாறை தெரியும்; அதில் மோதாமல் அடுத்த தீவுக்குப் போக அப்போதே கிளம்பியாக வேண்டும். இன்ஜினைச் சூடாக்கி வைப்போம் என்று அவர் கொக்கியைப் பார்த்தார். சாவி கொக்கியில் இருந்தால் வால்வு திறந்திருக்கிறது என்று அர்த்தம். தானே மாட்டி, தானே நம்பி, இன்ஜினைப் போட்டுவிட்டார்.

ரப்பர் கருகும் வாடை மேலே வந்தது.

“நிறுத்துங்க! உடனே நிறுத்துங்க!”

அவள் கீழே ஓடிவந்து பம்பைத் திறந்தாள். உள்ளே சுற்றும் ரப்பர் சக்கரத்தின் இதழ்கள் கந்தலாகியிருந்தன. மாற்றுச் சக்கரம் பெட்டியில் இருக்கிறது. ஆனால் பிய்ந்த துண்டுகள் அத்தனையும் கிடைக்க வேண்டும். ஒன்று குழாயில் தங்கினாலும் அடைத்துக்கொள்ளும்.

“பாத்தியா! நடுக்கடல்ல இப்படி ஆயிருந்தா?” என்றாள் நாத்தனார்.

“நடுக்கடல்ல பாய விரிச்சிருப்போம் அண்ணி. காத்துக்குச் சாவி வேண்டாம்.”

சாப்பாட்டு மேஜையில் ஒரு துணியை விரித்து, உடைந்த தட்டை ஒட்டுவதுபோல் இதழ் இதழாகப் பொருத்தினாள். ஓர் இதழின் ஓரம் மட்டும் குறைந்தது.

பெஞ்சு மூலையில் உட்கார்ந்திருந்த அவர் சொன்னார்: “அக்கா சொல்றது சரிதான். என் புத்தி என்கிட்ட இல்ல. படக வித்துட்டு ஊருக்கே போயிடலாம்.”

அவள் கை நின்றது. அக்கா சொன்னவரை அது வெறும் இரைச்சல். இவர் சொன்னால் அப்படியில்லை. பாய் கட்ட இவர் இல்லாவிட்டால் இந்தப் படகு நகராது, இந்த வாழ்க்கையும்தான்.

“விக்கிறதுன்னாலும் ஓடுற இன்ஜினா விக்கலாம். முதல்ல துண்டு. அண்ணி, உங்க கொண்டை ஊசியக் குடுங்க.”

“என் ஊசியா?”

“புதுசு வாங்கித் தர்றேன். டார்ச்சையும் பிடிங்க.”

ஊசியைக் கொக்கியாக வளைத்து, பம்பிலிருந்து போகும் குழாயின் வளைவுக்குள் விட்டாள். கொண்டை அவிழ்ந்து தோளில் விழ, நாத்தனார் டார்ச்சோடு குனிந்தாள்.

“இடது பக்கம்மா... அதோ, அதோ! அய்யோ, விட்டுட்டியே!”

“வெளிச்சத்த ஆட்டாதீங்க அண்ணி.”

“நான் எங்க ஆட்டினேன், உங்க படகுதான் ஆடுது!”

கறுப்பாக ஒரு துணுக்கு வந்தது. துணியின்மேல் வைத்ததும் இதழ் முழுசானது. “ஆஹா!” என்றாள் நாத்தனார், எதற்கு வந்தோம் என்பதையே மறந்து.

புதுச் சக்கரம் உட்கார்ந்தது. வடிகட்டி மாட்டி, வால்வைத் திறந்தாள். சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“போடுங்க.”

“நானா?”

“நீங்கதான். சேலை மடிச்ச கை சும்மா இருக்குமா, அதுக்கு நான்தான் சாவியில ஒரு சிவப்புத் துணியாவது கட்டியிருக்கணும். கட்டிடுறேன்.”

அவர் சாவியைப் பார்த்தார். “மறுபடியும் இப்படிச் செஞ்சுட்டேன்னா?”

அவள் சாவியை அவரிடமே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவர் இன்ஜினைப் போட்டதும் குளிரவைத்த தண்ணீர் புகைக்குழாய் வழியே வெளியே கொட்டுகிறதா என்று பார்க்கப் படியேறி மேலே போனாள்.