அத்தை மகளின் பூச்சடை

எங்கள் வீட்டில் மல்லிகைத் தோட்டம் இருந்தது. என் தலையில் மட்டும் ஒருநாளும் மல்லிகை மொட்டு இருந்ததில்லை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கொள்ளிடத்துப் படுகை நிலத்தில், சுற்றிலும் எல்லோரும் நெல் போட்டிருக்க, அப்பா மட்டும் மல்லி வைத்திருந்தார். விடிவதற்கு முன்பே அம்மாவும் ஆட்களும் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பறிப்பார்கள். இறுக்கமான மொட்டெல்லாம் ஈரத்துணி விரித்த கூடைக்குப் போகும். முந்தின நாள் கண்ணில் படாமல் தப்பிச் செடியிலேயே மலர்ந்துவிட்ட பூ எங்களுக்கு. மொட்டு சாயங்காலம் மலர வேண்டும். அதுவும் வாங்குகிறவள் தலையில் மலர வேண்டும். அதற்குத்தான் விலை. மலர்ந்த பூவைச் சந்தையில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆகவே நான் பள்ளிக்கூடத்துக்கு வைத்துக்கொண்டு போன பூ முதல் மணி அடிக்கும்போதே தொங்கத் தொடங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பழுப்பாகிவிடும்.

அத்தை மகள் தஞ்சாவூரில் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். சாயங்காலம் அவள் வீட்டு வாசலுக்குப் பூக்காரம்மா வருவார். அவர் கட்டிய சரத்தை அத்தை மகள் விரலால் அழுத்திப் பார்த்து, "இது லூசா இருக்கு, வேற குடுங்க" என்பாள். விடுமுறைக்குப் போயிருந்தபோது என் கண்ணால் பார்த்தேன். அது எங்கள் படுகைப் பூவாகவே இருக்கலாம். அம்மா பறித்தது பஸ் ஏறி, கமிஷன் கடைத் தராசில் ஏறி, பூக்காரம்மாவின் கூடையில் தெருத்தெருவாகச் சுற்றி, கடைசியில் அவள் பின்னலில் போய் இறங்குகிறது. செடிக்குப் பக்கத்திலேயே தூங்கி எழுகிற எனக்கு வந்து சேரவில்லை. அவளிடம் மிதிவண்டி இருந்தது, தனி அறை இருந்தது. அதற்கெல்லாம் நான் பொறாமைப்பட்டதில்லை. பூவுக்குத்தான் பட்டேன்.

அந்த வைகாசியில் அவளுக்குச் சடங்கு வைத்தார்கள். அப்பா அப்போது குவைத்தில் இருந்தார். தோட்டத்தைச் சித்தப்பாதான் பார்த்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை அப்பா போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"டேய், அன்னிக்குப் பறிக்கிற பூவுல ஒண்ணுகூட சந்தைக்குப் போகக்கூடாது. அத்தனையும் தங்கச்சி வீட்டுக்கு. மாமன் வீட்டு மொட்டுலதான் என் மருமகளுக்குச் சடை தைக்கணும். அவங்க வீட்டு ஆளுங்க பார்க்கணும்."

"சரிண்ணே," என்றார் சித்தப்பா.

அடுத்து என்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "பாப்பா ஒழுங்கா படிக்குதா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அதே வாரம் தண்ணீர் மோட்டார் காயில் எரிந்து போனது. அக்கம்பக்கத்தாரிடமும் போனில் கூப்பிட்ட அத்தையிடமும் அம்மா அதையேதான் புலம்பினாள். அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. வெயிலில் செடிகள் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றன.

சடங்கன்று தம்பிக்குக் காய்ச்சல். அம்மா கிளம்ப முடியவில்லை. மாமன் சீரை அப்பாவுக்குப் பதிலாகச் சித்தப்பா வைப்பதென்றும், கூட நான் போவதென்றும் முடிவாயிற்று. முதல் பஸ்ஸில் கண்டக்டர் வழக்கம்போலக் கூடையைப் பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். என்ஜின் பக்கம் வைத்தால் சூட்டில் மொட்டு வெடித்து மலர்ந்துவிடும். நான் கூடையின் மேல் கை வைத்தபடியே போனேன். துணிக்கடியில் மொட்டுகள் சில்லென்றிருந்தன. அத்தனையும் அவளுக்கு. திருவையாறு தாண்டும்வரை வேறு எதையும் நினைத்ததாக ஞாபகமில்லை.

தஞ்சாவூரில் இறங்கியதும் சித்தப்பா அத்தை வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பூச்சந்தைக்கு நடந்தார். அன்று பெரிய முகூர்த்த நாள். கடைவாசலில் காலெடுத்து வைக்க இடமில்லை. கமிஷன் கடைக்காரர் எங்கள் கூடைத் துணியை விலக்கி, ஒரு கை அள்ளி, மூக்குக்கு அருகே கொண்டுபோய்ச் சொன்னார்:

"படுகைப் பூவா? இன்னிக்கு நீ சொல்றதுதான் விலை. கொட்டு."

சித்தப்பா கொட்டினார். எங்கள் மொட்டு மற்றவர்கள் கொண்டுவந்த குவியலில் விழுந்து கலந்தது. எது எங்களுடையது என்று அதன் பிறகு எனக்கே தெரியவில்லை. கடையின் பின்பக்கம் தெர்மக்கோல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. முந்தின நாள் வந்து ஐஸில் கிடந்த பூ. சித்தப்பா அதில் ஒரு பெட்டியை வாங்கி எங்கள் கூடையில் நிரப்பி, எங்கள் துணியாலேயே மூடினார். மொட்டு இறுக்கமாக, வெள்ளையாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐஸில் கிடந்த மொட்டு மலராது, மணக்கவும் செய்யாது.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி முறைக்கிற? அண்ணன் அங்க உக்காந்துகிட்டு அள்ளிக் குடுன்னு சொல்லிடுவாரு. மோட்டாருக்குக் காயில் யாரு கட்டுறது? இன்னும் ரெண்டு நாள் தண்ணி இல்லேன்னா செடியே இருக்காது."

பிறகு மடித்து வைத்திருந்த கைக்குட்டையை எடுத்தார். கொட்டுவதற்கு முன்பே எங்கள் பூவில் கொஞ்சம் ஒதுக்கியிருக்கிறார். கடைவாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்து வாழைநாரில் நெருக்கமாகக் கட்டி வாங்கி, என் பின்னலில் அவரே கோணலாகச் செருகினார்.

"உனக்குத்தான். அத்தைகிட்ட மூச்சு விடக்கூடாது."

அவர் கேட்டிருக்கவே வேண்டாம். படுகை மொட்டு என் தலையில். ஐஸ் மொட்டு அவள் தலையில். இதை வெளியே சொல்லிக் கெடுத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

அழகுநிலையத்துப் பெண் வந்து மத்தியானம் முழுக்க உட்கார்ந்து சடை தைத்தாள். சாயங்காலம் மண்டபத்தில் அத்தை மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, சடை முத்து கோத்தது போல இடுப்புக்குக் கீழே தொங்கியது. சித்தப்பா சந்தனம் பூசிக்கொண்டு, சீர்த்தட்டுகளுக்குப் பின்னால் மாமன் மரியாதையை வாங்கிக்கொண்டு நின்றார். விளக்கு போட்டதும் என் தலையில் பூ மலர ஆரம்பித்தது. வாசனை எனக்கே தூக்கியடித்தது. அவள் சடையில் ஒரு மொட்டுகூட அசையவில்லை. எனக்கு உள்ளூரக் குதூகலம்.

அது கொஞ்ச நேரம்தான் நீடித்தது. பந்திக்குப் போகும் வழியில் அத்தையின் மாமியார் என் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"பூந்தோட்டம் வெச்சிருக்கிற வீட்டுப் பொண்ணு. இதுக்குப் போய் வெடிச்ச பூவை வெச்சு விட்டிருக்காங்களே! எங்க பேத்தி சடையைப் பாரு, இந்நேரத்துக்கும் மொட்டு மொட்டாவே நிக்குது."

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஆமாம், மொட்டாகவே நிற்கிறது என்றார்கள். ஒருத்தி போட்டோ எடுத்தாள். நிஜப் பூ என்னிடம் இருந்தும் பேர் அவளுக்கே போயிற்று.

அப்போது அப்பா வீடியோவில் கூப்பிட்டார். அத்தை போனை வாங்கிக்கொண்டு மகளின் பின்னால் போய் நின்றாள். சடையைக் காட்டுவதற்காகக் குனிந்தவள் அப்படியே சற்று நின்றாள். அவள் மூக்கு மொட்டுகளுக்கு மிக அருகில் இருந்தது. கல்யாணமாகும்வரை அந்தப் படுகையில் அம்மாவுக்கு முன்னால் பூப் பறித்தவள் அத்தைதான்.

"பூ வந்துச்சாம்மா? நல்லா இருக்கா?" என்றார் அப்பா.

அத்தை நிமிர்ந்தாள். மாமியார் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"நம்ம படுகைப் பூவாச்சே, கேக்கணுமாண்ணே? மண்டபமே மணக்குது," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அப்பா சிரித்தது போனில் கரகரவென்று கேட்டது.

பிறகு அத்தை என்னைச் சீர்த்தட்டுகள் வைத்திருந்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். என் தலையில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள்.

"யாரு வெச்சு விட்டாடி?"

"சித்தப்பா."

"ம்."

பின்னலிலிருந்து சரத்தை உருவினாள். பாதியை நார் பிரியாமல் கிள்ளி எடுத்துக்கொண்டு மீதியை எனக்கே செருகினாள். மகளுக்குத்தான் கொண்டுபோகிறாள் என்று நினைத்தேன். அவளிடம் இத்தனை இருக்கிறது, என்னிடம் இருக்கும் ஒரு சாண் பூவும் அவளுக்குத்தானா? ஆனால் அத்தை தன் கொண்டையில் இருந்த கடைப்பூவை எடுத்துவிட்டு, மலர்ந்திருந்த அந்தச் சரத்தைத் தானே வைத்துக்கொண்டாள்.

சித்தப்பா வாசலில் வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தார். அத்தையின் தலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அவள் திட்டுவாள் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன்.

"மோட்டார் ஓடுதாடா?" என்றாள் அத்தை.

சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு ஓடிடும்க்கா," என்றார்.

"செடிக்கு மொதல்ல தண்ணி விடு."

அவ்வளவுதான். அவர் சந்தனம் கலையக் கலையக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சடங்கு மண்டபத்தில் நின்றுகொண்டு அக்காவும் தம்பியும் எதற்காக மோட்டாரைப் பற்றிப் பேசுகிறார்கள், அதற்கு எதற்கு அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அதை யோசிக்கும் நிலையிலும் நான் இல்லை. அதுவரை நான் பொறாமைப்பட ஒருத்திதான் இருந்தாள். இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். என் பாதிப் பூ அத்தையின் கொண்டையில் நன்றாக விரிந்து மணந்துகொண்டிருந்தது.