அறுந்துவிடும் நரம்பு

கோரிப்பாளையம் தூண்டில் கடையில் புது நைலான் நரம்பின் வாசனை பட்டதும் இன்றும் உள்ளங்கை வியர்த்தது. விராலுக்குத் தடித்த நரம்பே வேண்டும் என்பார்கள். பலமாக இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய நரம்பே நல்லது என்பது என் முடிவு.

மேலூர்ப் பக்கம், இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட கண்மாயில், தாமரைக்கொடிகளை விலக்க இரு கைகளும் வேண்டுமென்று அத்தை தடித்த நரம்பை இடுப்பில் முடிச்சிட்டு, முள்ளில் உயிருள்ள தவளையைக் கோத்து, மார்பளவு தண்ணீரில் நிற்பாள். நான் மடைக்கல்லில் உட்கார்ந்து, வயலுக்குத் திறந்துவிட்ட மடைவாய் கீழே தண்ணீரை உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு கார்த்திகை மதியம், தவளையைக் கவ்விய விரால் நேராக அந்த மடைவாய்க்குள் பாய்ந்தது. நரம்பும் அதில் சிக்கிய கொடிகளும் பின்னாலேயே உறிஞ்சப்பட, அத்தை ஓரடி சறுக்கினாள்.

"அத்தே, வெளிய வா."

"கத்தாதடி, மீனு போயிரும்," என்று சிரித்தாள்.

அடுத்த இழுப்பில் சிரிப்பு நின்றது. தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. நனைந்த முடிச்சு அவிழவில்லை.

"அருவாள குடு."

கல்லில் குப்புறப் படுத்து, அவள் கரையில் வைத்திருந்த கதிரரிவாளை நீட்டினேன். அதன் பிடிக்கும் அவள் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. எட்டி எட்டி, கடைசியில் பிடித்தாள். அறுபட்ட நரம்பு மடைக்குள் மறைந்தது.

கரையேறியவள் இடுப்பில் மிச்சமிருந்த முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "வீட்டுல கேட்டா மீனே கடிக்கலன்னு சொல்லு," என்றாள். அந்த உச்சிவெயிலில் அவள் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.