டோனட் கடையில் நிறுத்தாத வண்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். அத்தான் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவர் நான்கு நாவல்கள் எழுதியவர். பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர். நான் தூத்துக்குடியில் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். "நீதான் எழுதணும்" என்று அக்கா சொன்ன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் பிறந்தது பிலிப்பைன்ஸ் நாட்டின் வடக்கே ஒரு கடலோரச் சிற்றூரில். அவருடைய தந்தையார் சரக்குக் கப்பலில் சமையற்காரர். அத்தானுக்கு ஏழு வயதாக இருந்தபோது கப்பலேறியவர் திரும்பி வரவில்லை. சில கடிதங்கள் வந்தன. பிறகு அவையும் நின்றன. தாயார் பள்ளிக்கூட வாசலில் அரிசிப் பணியாரம் விற்றுப் பிள்ளைகள் இருவரையும் படிக்க வைத்தார். அத்தான் உதவித்தொகையில் மணிலாவில் படித்து, கப்பல் தொழிலாளர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் தேடித் திரட்டி ஆராய்ச்சி செய்தார். அந்த ஆராய்ச்சிதான் அவரை நியூஜெர்சிக்குக் கொண்டுவந்தது. அங்கே நூலகத்தில் வேலை பார்த்த என் அக்காவைச் சந்தித்தார்.

எங்கள் வீட்டில் முதலில் பெரிய எதிர்ப்பு. ஊருக்கு வந்த அத்தான், அம்மா வைத்த மீன் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "எங்க ஊர்லயும் மீனுக்குப் புளிதான்" என்று அக்கா சொல்லிக் கொடுத்த தமிழில் சொன்னார். அம்மா என் பக்கம் திரும்பி, "சோறு திங்காரு, மீன் திங்காரு, பெறகு என்னல?" என்றார்கள். கல்யாணம் முடிவாயிற்று.

பின்னாளில் என்னையும் இந்த நாட்டுக்கு அழைத்து, மான்மவுத் ஜங்ஷனில் ஒரு மளிகைக் கடையில் சேர்த்துவிட்டார்கள். சர்க்கரை நோயால் அத்தானுக்குக் கண் மங்கியபோது, வாரத்தில் மூன்று நாள் நான்தான் அவரைப் பல்கலைக்கழகத்துக்குக் காரில் அழைத்துப் போனேன். வழியெல்லாம், தாம் எழுதிக்கொண்டிருந்த கடைசி நாவலை எனக்குச் சொல்லிக்கொண்டு வருவார். அதில் ஒரு கப்பல் சமையற்காரர் எத்தனையோ துறைமுகங்கள் சுற்றி வீட்டுக்குத் திரும்பப் பார்க்கிறார். அது அவருடைய அப்பாதான் என்று எனக்குத் தெரியும். அவரும் மறைக்கவில்லை.

எனக்கோ எதற்கெடுத்தாலும் பயம். "புயல்ல மாட்டிக்கிட்டாரே அத்தான், வீட்டுக்கு வந்து சேர்ந்துருவாரா?" என்று கேட்பேன்.

"நீ ரோட்டைப் பாரு தம்பி. முதல்ல நாம போய்ச் சேரணும்."

நான் கவலைப்படாமல் கேட்ட பகுதியை அவர் கிழித்துப் போட்டுவிடுவார். "தம்பிக்குப் பயம் வரலன்னா அந்த சாப்டர் சரியில்ல" என்று அக்காவிடம் சொல்வாராம். என் பயத்தால் ஒருவருக்குப் பயன் உண்டானது அப்போது மட்டும்தான்.

டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் தடித்த பேனாவால் பெரிது பெரிதாக எழுதினார். ஒரு புதன்கிழமை, சிகிச்சை முடிந்து திரும்பும்போது கேட்டேன்.

"வந்துட்டாரா அத்தான்?"

"துறைமுகத்து விளக்கு தெரியுது. மிச்சத்தை வெள்ளிக்கிழமை சொல்றேன்."

வியாழக்கிழமை காலையில் அத்தான் கண்மூடினார். எழுதி வைத்த தாள்களும் அந்த விளக்கோடு நின்றிருந்தன.

இறுதிச் சடங்கு முடிந்து என் காரில் அக்காவும், அவர்கள் மகளும், கலிபோர்னியாவிலிருந்து வந்த அத்தானின் அக்காவும் ஏறினார்கள். இறந்தவரைப் பார்த்துவிட்டு நேராக வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அத்தான் ஊர் வழக்கம். வழியில் எங்காவது நின்று போனால்தான் ஆவி பின்தொடர்ந்து வீட்டுக்கு வராதாம். அதற்காக எல்லோரும் ஒரு டோனட் கடையில் கூடுவதாக ஏற்பாடு. எங்கள் பக்கமோ நேராக வந்து தலைமுழுக வேண்டும். எதைச் செய்தால் யாருக்குக் குற்றமாகுமோ என்று எனக்குப் பயம்.

அப்போது மருமகள் கேட்டாள்: "மாமா, டிட் டாட் டெல் யூ தி எண்டிங்?"

வந்து சேர்ந்துவிட்டார் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. "இல்லம்மா. வெள்ளிக்கிழமை சொல்றேன்னார்."

கடை தெரிந்தது. இண்டிகேட்டர் போட்டேன். இங்கே நிறுத்தினால் அத்தானும் வராமல் நின்றுவிடுவாரே என்று தோன்றியது. இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேரே ஓட்டினேன்.

"கடையைத் தாண்டிட்டோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் அத்தானின் அக்கா. "தெரியும்" என்றேன். கொஞ்ச தூரம் போன பின் அவரே, "அப்பாதான் வரல. இவனாவது வரட்டும்" என்றார்.

நாவல் அந்த விளக்கோடுதான் அச்சாகப் போகிறது. அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் மருமகளுக்கும், டயாலிசிஸ் நிலையத்துச் செவிலியர்களுக்கும், ஒன்பது நாள் ஜெபத்துக்கும் சோறு பொங்கிக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், மொழி புரியாமலே கூட உட்கார்ந்திருந்த தமிழ் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

டோனட் வாங்கி வைத்து எங்களுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்த பிலிப்பைன்ஸ் உறவினர்களிடம் ஒரு மன்னிப்பு. வழி தவறிவிட்டது என்று அன்று உங்களிடம் சொன்னேன். என் மருமகள் இதை உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வாள். வழி தவறவில்லை. அத்தானை வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.