ஐஸ் வைத்துப் பூத்த வெள்ளை ரோஜா

1977 பிப்ரவரி 9. மதுரையில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்ட பஸ், பத்தேகாலுக்குத் தூத்துக்குடியில் இறக்கிவிட்டது. ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர். கட்டணம் ஆறு ரூபாய் முப்பது பைசா. எட்டயபுரம்வரை கரிசல், அப்புறம் உடைமரம், கடைசியில் உப்பளம். ரோஜா வளரும் ஊர் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை.

உதகையில் நான் வேலை பார்க்கும் தோட்டத்துக்கு, "எங்கள் வீட்டில் பழைய ரோஜா இருக்கிறது" என்று கடிதம் வந்தால் போய்ப் பார்ப்பது என் பொறுப்பு. இது ஆறாவது பயணம். முந்தைய ஐந்திலும் ஒரே கதை: ஒட்டுக்கட்டிய மேல்செடி எப்போதோ பட்டுப்போய், வேருக்காக வைத்த காட்டு அடிச்செடி மட்டும் தழைத்திருக்கும். அதை வீட்டுக்காரரிடம் சொல்லி, காப்பி குடித்துவிட்டுத் திரும்புவேன்.

நாங்கள் தேடுவது ஐரோப்பாவின் பழைய வெள்ளை ரோஜா. சீனத்து ரோஜாக்கள் கப்பலேறி அங்கே போன பிறகுதான் அடிக்கடி பூக்கும் வகைகள் பெருகின. அதற்கு முன் இருந்தவை பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை பூப்பவை. இந்த வெள்ளையும் அப்படித்தான். குளிர்காலம் கண்டால்தான் மொட்டு வைக்கும். தூத்துக்குடியில் அது இருக்க வழியில்லை என்று மேலதிகாரியிடம் சொன்னேன். "பார்த்துவிட்டு வந்து சொல்" என்றார்.

கடற்கரைச் சாலைக்கு ரிக்‌ஷா ஒரு ரூபாய். கடிதம் எழுதிய சவேரியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் அந்தோணி ஐஸ் ஃபேக்டரியில் மேஸ்திரி. சாலையை அகலப்படுத்த இவர்கள் வீடு போகிறது. மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். கிடைத்திருக்கும் வீடு மூன்றாவது மாடி. செடிக்கு ஓர் இடம் வேண்டும். கடிதத்தில் கேட்டிருந்தது அவ்வளவுதான்.

"வருசம் பூரா சும்மா நிக்கும்," என்றார் சவேரியம்மாள். "திசம்பர் பொறந்ததும் இவங்க ஐஸ் கொண்டாருவாங்க. நாப்பது நாளு சுத்தி வச்சு, சாக்கப் போட்டு மூடிருவோம். பொறவு பூத்துரும்லா."

மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஏ மயினி, நான் நெய்மீனுக்கு ரெண்டு துண்டு ஐஸ் கேட்டா இல்லங்கிய. ரோசாவுக்கு மட்டும் நாப்பது நாளும் வந்துச்சே!"

"போளா, ஒன் நெய்மீனு பூக்குமா?"

நோட்டைத் திறந்தேன். சிற்றிலை: ஐந்து அல்லது ஏழு. நிறம்: சாம்பல் கலந்த பச்சை, பளபளப்பில்லை. முள்: குறைவு. ஒட்டுக்கட்டிய தழும்பு: இல்லை. மூன்று மொட்டுகளில் ஒன்று விரிந்திருந்தது; இரண்டு மூன்று வரிசை வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மகரந்தம், நல்ல மணம். எல்லா வரியிலும் 'சரி' போட்டேன். ஐந்து பயணங்களில் ஒரு பக்கம்கூட அப்படி நிறைந்ததில்லை. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்றிருந்தது.

முத்துக்குளிப்பை மேற்பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் தங்கிய பங்களாவை இடித்தபோது அந்தோணி பிடுங்கி வந்த செடி இது. அங்கே எப்படி வந்தது? 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

சுற்றி வைக்கும் ஐஸ் ஒரு குளிர்காலத்துக்கு ஈடாகும் என்று நம்ப முடியவில்லை. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தேன்; ஒரே உப்பு. "குளிரால இல்லண்ணே. உருகின ஐஸ் நல்ல தண்ணி, அதனாலதான் பூக்குது," என்றேன்.

அந்தோணி சிரித்தார். "நல்ல தண்ணின்னா ஐப்பசி மழைக்கே பூத்திருக்கணும்லாம்மா?"

'ஐஸ்: டிசம்பரிலிருந்து நாற்பது நாள்' என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மொட்டோடு இருக்கும் பெரிய செடியைத் தோண்டினால் பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று இருவரிடமும் சொன்னேன். வேரிலிருந்து கிளைத்த கன்று ஒன்றைத் தொட்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"மாடிவரைக்கும் யாரு ஐஸ் சொமக்க? இவங்களுக்கு மூட்டுவலி," என்றார் சவேரியம்மாள். "அங்கன ஒங்க ஊருல யாரு வைப்பா?"

"எங்க ஊர்ல உறைபனி தானாவே விழும்க்கா."

சவேரியம்மாள் குனிந்து ஓர் இலையைத் துடைத்தார். "அப்ப இத்தன வருசமா நம்மகிட்ட கெடந்து சீரழிஞ்சிருக்கு," என்றார். பிறகு கணவரிடம், "தோண்டுங்க, பஸ்ஸுக்கு நேரமாகுதுல்லா."

கிளைகளைக் கத்தரித்து, வேர்மண்ணைச் சாக்கில் கட்டி, இறால் பெட்டியில் இறக்கினோம். விரிந்த பூவை என் காகிதங்களுக்கு இடையே அழுத்திக்கொண்டேன். அந்தோணி ஃபேக்டரிக்குப் போய் ஐஸ் கொண்டுவந்து, சாக்கைச் சுற்றித் துண்டு துண்டாக அடுக்கினார். அது வேண்டியதில்லை, நான் தடுக்கவில்லை. சவேரியம்மாள் வாசலுக்கு வரவில்லை.

இரண்டரை மணி பஸ்ஸில் பெட்டி ஒழுகியது. "மீன ஏத்தக்கூடாதும்மா," என்றார் நடத்துனர். ரோஜாச்செடி என்றேன். குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "எறா வாடைல்லா அடிக்கி," என்று முனகியபடி நகர்ந்தார்.

மாலை ஆறே முக்கால், மதுரை. ஐஸ் முழுவதும் கரைந்து, பெட்டியின் பலகை வெதுவெதுத்திருந்தது. சாக்கில் ஈரம் இருந்தது. வேருக்கு ஈரம் போதும்; அதுதான் நான் படித்தது. கோவை வண்டிக்கு இன்னும் அரை மணி. எதிரே இருந்த சர்பத் கடைக்குப் போனேன்.

"எத்தன கிளாஸும்மா?"

"சர்பத் வேண்டாம். ஐஸ் மட்டும்."

கடைக்காரர் ஒரு கட்டியை உடைத்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்தோணி வைத்தது போலவே, சாக்கைச் சுற்றித் துண்டு துண்டாக அடுக்க ஆரம்பித்தேன்.