ஆறு ஜோடி செருப்பும் ஒரு மின்தடையும்

மின் அலுவலக வேலையில் கம்பம் ஏறுவதுகூட சுலபம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று ஜனங்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம். கம்பத்தடியில் நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரக்காணம் உப்பளப் பக்கம் முப்பத்தோரு வருஷம் வாங்கியிருக்கிறேன். திட்டியவர்களின் முகத்தை இன்னொரு முறை பார்க்கக் கிடைக்காதா என்று இப்போது இருக்கிறது.

நாலாவது நோட்டீஸ்

மின்தடை நோட்டீஸை நாலு இடத்தில் ஒட்டச் சொல்வார்கள். ஒட்டிய பிறகு திரும்பிப் போய் நாலும் இருக்கிறதா என்று பார்ப்பேன். உப்புக் காற்றில் பசை நிற்காது. நாலாவது இடம் அஞ்சலையின் மோட்டார் கொட்டகை. அவர் குத்தகைக்கு எடுத்த பாத்திகளுக்கு அந்த மோட்டார்தான் தண்ணீர். வெயில் நாளில் அது ஓடாவிட்டால் பாத்தி வறண்டு, உப்பில் சேறு ஏறிவிடும். நோட்டீஸில் பீடர் எண், பராமரிப்புப் பணி எல்லாம் சுத்தமாக அச்சாகியிருந்தன. அஞ்சலை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டார்: "இதெல்லாம் இருக்கட்டும்ணே. என் மோட்டாரு நாளைக்கு ஓடுமா, ஓடாதா?"

மைக் கட்டிய ஆட்டோ

அதை அதிகாரியிடம் சொன்னேன். ஆட்டோவும் மைக்கும் கொடுத்தார். பேச ஆள் கொடுக்கவில்லை. எனக்கோ நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். 'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று எழுதித் தந்ததை ஓர் எழுத்து விடாமல், மெதுவாகப் படித்துக்கொண்டே போனேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். அஞ்சலை ஓடிவந்து ஆட்டோவை மறித்தார். "யாருண்ணே தவறிப் பூட்டாங்க? நம்ம தெருவா?"

'வேலை முடிந்தது'

பிறகு எங்களுக்கு உத்தரவும் தகவலும் போன் குரூப்பிலேயே வர ஆரம்பித்தன; அஞ்சலைக்கும் நான் மெசேஜ்தான் அனுப்பினேன். ஒரு நாள் கம்பி மாற்ற ஆறு பேர் உப்பள வரப்பில் இறங்கினார்கள். சேற்றில் செருப்போடு நடக்க முடியாது. ஆறு ஜோடியும் என் காலடியில் இருந்தன. மதியம் குரூப்பில் 'வேலை முடிந்தது' என்று யாரோ போட்டுவிட்டார்கள். சப்ளை கொடுக்கலாமா என்று துணை மின்நிலையத்திலிருந்து என்னைக் கேட்டார்கள். ஐந்து பேர் வந்து செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டார்கள். ஒரு ஜோடி அப்படியே கிடந்தது. கொடுக்க வேண்டாம் என்றேன்.

பக்கத்தில் நின்ற அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. "செருப்ப பாத்துகினு நிக்கிற. அங்க என் பாத்தி வெடிக்குது." கொஞ்ச நேரத்தில், கொட்டகைக்குப் பின்னால் இருந்த கடைசிக் கம்பத்திலிருந்து ஆறாவது ஆள் அந்தோணி இறங்கி வந்தார். அவர் போனைக் கீழே பையில் வைத்துவிட்டு ஏறியிருந்தார். அஞ்சலை அவரையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "இனிமே மெசேஜ் அனுப்பாதண்ணே. செருப்ப எண்ணிட்டு வந்து சொல்லு, நான் மோட்டார் போடறேன்."

ஓய்வு பெற்ற எனக்கும் இப்போது மின்தடைச் செய்தி போனில் சரியாக வந்துவிடுகிறது. எண்ணிப் பார்த்துத்தான் அனுப்பினீர்களா என்று திருப்பிக் கேட்கத்தான் அதில் வழியில்லை.