எஞ்சினுக்குள் சாணி

கடலோரக் கடப்புறத்தில் ஜினியைக் கிழக்கத்தி என்றார்கள். கிழக்கே மாமன் வீட்டில் கடப்புறத்தா என்றார்கள். இரண்டும் வசவுதான். எது கூடுதல் வசவு என்று சின்ன வயதில் அவள் யோசித்துப் பார்த்ததுண்டு. சொல்லுகிறவர்களின் உதடு கோணும் அளவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்பா சகாயதாஸ் காரோட்டுக் கடப்புறத்தில் வள்ளம் இறக்குகிறவர், லத்தீன் கத்தோலிக்கர். அம்மா விலாசினி, பாறசாலைக்குக் கிழக்கே கிணறும் பசுவும் வாழைத் தோப்பும் உள்ள ஓர் இந்துக் குடும்பத்துப் பெண். சந்தையில் கண்டு, பேசி, ஒரு நாள் மாற்றுத் துணியோடு இறங்கி வந்தவள். மாதா கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றி மரியா என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேரைச் சொல்லி ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.

ஒரே முற்றத்தின் மறுபக்கத்தில் சகாயதாஸின் அக்கா பவுலாவின் வீடு. பவுலாவின் புருஷன் கட்டுமரத்தில் போய்த் திரும்பி வராதவர். அதன் பிறகு அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒரு வள்ளமும், அதன் பின்னால் மாட்டுகிற எஞ்சினும் வாங்கினார்கள். பவுலாவின் மகன் மெல்பின் மாமனோடு கடலுக்குப் போனான். அந்த எஞ்சின்தான் இரண்டு வீட்டுக்கும் சோறு போட்டது. ஆகவே அந்த முற்றத்தில் மனிதர்களைவிட அதற்கு மரியாதை கூடுதல்.

கடலிலிருந்து வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி ஓட்டிக் கழுவ வேண்டும். உப்பு உள்ளே தங்கினால் அரித்துவிடும். பைப்படியில் வரிசை நின்று அந்தத் தண்ணீரைச் சுமப்பது விலாசினியின் வேலை. கோடையில் குழாய் நூலாக ஒழுகும் நாட்களிலும் டிரம் முதலில் நிறைய வேண்டும்.

“எஞ்சினு குடிச்சிட்டு மிச்சம் இருந்தா ஒனக்கு” என்பாள் பவுலா. “கெணறும் கொளமும் உள்ள வீட்டில பிறந்தவளுக்கு இங்க வந்து கெடக்கணும்னு யாரு சொன்னா?”

குடத்தைக் கீழே வைக்கிற சத்தத்தில்தான் விலாசினியின் பதில் இருக்கும்.

டிரம்மில் எஞ்சின் ஓடும்போது ஜினி பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பாள். எஞ்சின் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சூட்டைத் தணித்து, பக்கத்திலுள்ள ஒரு சின்னத் துளை வழியாகப் பீய்ச்சும். “மூத்திரம் நேரா ஒழியுதா, பாரு” என்று சகாயதாஸ் மெல்பினிடம் கேட்பார். மெல்பின் பார்க்குமுன் ஜினி பார்த்திருப்பாள். சொன்னால், “போடி அங்கோட்டு, பெண்ணுக்கு எஞ்சின்ல என்ன?” என்பான் மெல்பின்.

ஹைஸ்கூல் படிப்புக்கு அவளைக் கிழக்கே மாமன் மோகனன் வீட்டில் கொண்டு விட்டார்கள். தங்கச்சி வாசல் ஏறக்கூடாது, பிள்ளை மட்டும் வரலாம் என்பது மோகனனின் ஏற்பாடு. பிள்ளைக்கும் அடுக்களை கிடையாது. விறகுப்புரைப் பக்கம் தனித் தட்டு. தொழுவம் கூட்டுவதும் மோட்டார் போடுவதும் அவள் வேலை.

கிணற்று மோட்டார் அடிக்கடி தண்ணீர் எடுக்காது. குழாயின் அடியில், ஏறிய தண்ணீரைத் திரும்ப இறங்காமல் பிடித்து நிறுத்துகிற வால்வு தேய்ந்து போயிருந்தது. குழாய் காலியாகிவிடும், மோட்டார் வெறுங்காற்றைச் சுற்றும். அப்போது மோகனன் வாளியில் சாணியைக் கரைத்துக் குழாய்க்குள் ஊற்றுவார். சாணியின் நார் போய் வால்வின் இடுக்கை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஏறும். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்.

“மாமா, நாரு எப்பிடி இடுக்கில மட்டும் போயி நிக்குது?” என்று ஒருமுறை கேட்டுவிட்டாள்.

“எந்தாடீ, நீ எஞ்சினீயரோ?” என்றார் மோகனன். “கடப்புறத்தில மீன் கழுவப் போறவளுக்குக் கெணத்தில என்ன காரியம்? வாளியக் கழுவி வை.”

வாளியைக் கழுவி வைத்தாள். கழுவும்போதே விடையும் கிடைத்துவிட்டது. தண்ணீர் எங்கே ஒழுகுகிறதோ அங்கேதான் நாரும் போகும். ஒழுக்கே நாரை இழுத்துக்கொண்டு போய்த் தன் வாயைத் தானே அடைத்துக்கொள்கிறது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அந்த வீட்டில் பசு ஒன்றுதான் அவளிடம் முகம் கோணாதது.

தொண்ணூற்று நான்கில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டுக் கடப்புறத்துக்கு வந்தபோது, எஞ்சினின் மேல்மூடி சேரும் இடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. இடையிலுள்ள பேக்கிங் போய்விட்டது, புதியது வர நாளாகும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். சகாயதாஸ் துணியைச் சுற்றிப் பார்த்தார், சோப்பை அப்பிப் பார்த்தார். கசிவு கூடியது. பவுலா, “நல்ல வெள்ளத்தில ஒழுங்கா கழுவாததுக்க கொணமாக்கும். தண்ணி சுமக்க மடி உள்ளவ வீட்டில எஞ்சின் வாழாது” என்று முற்றம் கேட்கச் சொன்னாள்.

அம்மாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் ஜினிக்கு மாமன் வீட்டு வாளி நினைவுக்கு வந்தது. விட்டுவந்த புத்தகங்களை எடுக்கப் போவதாகச் சொல்லிக் கிழக்கே போனாள். தொழுவத்திலிருந்து சாணியை ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி, அதைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாறசாலை தாண்டுமுன் பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். கண்டக்டர் வந்து, “எந்தாணு பையில்?” என்றார். “மருந்து” என்றாள் ஜினி. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அம்மா பைப்படிக்கும் ஆண்கள் வலை பிரிக்கவும் போயிருந்த நேரம். எஞ்சின் டிரம்மிலேயே மாட்டிக் கிடந்தது. சாணியைக் கரைத்து, துணியில் வடித்து, டிரம்மில் கலந்து எஞ்சினை ஓட்டினாள். அவள் நினைத்தபடியே நடந்தது. மேல்மூடியில் கசிவு சிறுத்து, முத்துமுத்தாகி, நின்றது. அப்போது பக்கத்துத் துளையில் வருகிற தண்ணீரும் மெலிந்திருந்தது. ஜினி அதைப் பார்த்தாள். டிரம்மில் தண்ணீர் குறைவு, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கசிவு நின்ற சந்தோஷத்தில் மூத்திரத்தை யார் கவனிப்பார்கள்?

கசிவு தானாக நின்றதாக நினைத்து மறுநாள் ஆண்கள் கடலுக்குப் போனார்கள். கரை மறையும் தூரத்தில் எஞ்சின் சூடேறிப் புகைந்து இறுகி நின்றது. மேலுறையைக் கழற்றப் போன மெல்பினின் உள்ளங்கை வெந்தது. கடல் அன்று நல்ல குணத்தில் இல்லை. வள்ளம் தெற்கே இழுத்துக்கொண்டு போக, உச்சிவெயிலுக்குப் பிறகு வேறொரு வள்ளத்துக்காரர்கள் கண்டு கயிறு போட்டு இழுத்து வந்தார்கள். அதுவரை பவுலா கரையில் நின்றாள். ஒருமுறை இதே மணலில் நின்று வெறுங்கடலைப் பார்த்துவிட்டுப் போனவள் அவள்.

மெல்பினின் கையைக் காரக்கோணத்து ஆஸ்பத்திரியில் கட்டிக் கொண்டுவந்த பிறகு பவுலா டிரம்மைக் கவிழ்த்தாள். அடியில் பச்சையாக ஒரு படிவு. தொட்டு முகர்ந்தாள்.

“எலே தாசே, இங்க வா. கடப்புறத்தில எந்த மாடாக்கும் வந்து டிரம்முக்குள்ள தூறுனது?”

சகாயதாஸ் வந்து பார்த்தார்.

“கூடோத்திரம்” என்றாள் பவுலா. செய்வினையைப் பொதியாகக் கட்டி, ஆளறியாமல் வீட்டுப் பொருளுக்குள் வைப்பார்கள் என்பது அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் தெரியும். “கெழக்க இருந்து பொதி வந்திருக்கு. எனக்க மாப்பிளயக் கடல் கொண்டுபோச்சு. மகனையும் கொண்டு போவட்டும்னு இவ வச்சிருக்கா.”

“மைனி, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள் விலாசினி.

“தெரியாதவளுக்க கையாக்கும் டிரம்மில வெள்ளம் விடுகது.”

ஜினி முன்னால் வந்தாள். “மாமி, அம்ம இல்ல. நானாக்கும் விட்டது. ஒழுக்கு அடைக்கியதுக்கு.”

பவுலா அவளைப் பார்க்கக்கூட இல்லை. “கேட்டியா தாசே? பெத்தவளக் காப்பாத்த பிள்ளையப் படிப்பிச்சு விட்டிருக்கா. ஒரு பெண்ணு தனியா எஞ்சின ஓட்டுனாளாம். நம்பு. ஞாயிறு பூச முடிஞ்சதும் இவளக் கெழக்க கொண்டு விடு. இல்லெங்கில் வள்ளமும் இல்ல, வலையும் இல்ல, தம்பியும் இல்ல.”

சகாயதாஸ் மனைவியிடம், “ஒரு மாசம் அங்க போயி நில்லு. அக்காளுக்க வாயி அடங்கட்டும்” என்றார். அந்த ஒரு மாசத்துக்கு முடிவு கிடையாது என்று அப்பா, அம்மா, மகள் மூன்று பேருக்கும் தெரியும். மோகனன் அவளை வாசல் ஏற்ற மாட்டார் என்பதும் தெரியும். விலாசினி துணிகளை மடித்து ஒரு பையில் வைத்தாள்.

உண்மையைச் சொல்லியும் பலனில்லை. ஒரு பெண் எஞ்சினைத் தொடுவாள் என்பதை நம்புவதைவிடச் செய்வினையை நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. அப்படியானால் தொட்டுக் காட்டத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் வருகிற வழியில், முற்றத்து மணலில் சாக்கை விரித்து, எஞ்சினைச் சாய்த்துப் போட்டு, அப்பாவின் ஸ்பேனர்களோடு உட்கார்ந்தாள் ஜினி. வேலிக்கு வெளியே கூட்டம் நின்றது.

“மகளும் தாயும் சேந்து எஞ்சினுக்குப் பூச வைக்காளுவ” என்று ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

“தாசே, அவளத் தடு” என்றாள் பவுலா. சகாயதாஸ் ஓர் அடி எடுத்துவைத்தார். மகளின் கை ஸ்பேனரைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து நின்றுவிட்டார். தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை.

உப்பேறிய போல்ட்டுகள் லேசில் இளகவில்லை. ஒன்றுக்கு ஸ்பேனர் வழுக்கி அவள் விரல் முட்டு கிழிந்தது. ரத்தத்தைப் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். மேல்மூடி கழன்று வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது.

“இங்க பாருங்க” என்றாள். பேக்கிங் கிழிந்த இடத்தில் சாணிநார் படிந்து அடைத்திருந்தது. “ஒழுக்கு அடஞ்சிருக்கு.” பிறகு, சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடும் குறுகிய வழிகளைக் காட்டினாள். அங்கேயும் அதே நார். வெந்து, கருகி, ஓடுபோல இறுகியிருந்தது. ஈர்க்குச்சியால் குத்தியும் உதிரவில்லை. “கெணத்துக் கொழாய் பெருசு, சூடும் கெடையாது. நாரு இடுக்கில மட்டும் நிக்கும். இது சின்ன வழி, சுத்தித் தீயி. போற வழியெல்லாம் நின்னு வெந்து போச்சு. வெள்ளம் போகல்ல, எஞ்சின் இறுகிப் போச்சு. கூடோத்திரம் ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியாம போச்சு, அவ்வளவாக்கும்.”

கூட்டத்தில் எஞ்சின் வைத்திருந்த ஒரு வயதானவர் வேலியைத் தாண்டி வந்து குனிந்து பார்த்தார். கருகி இறுகிய நாரை நகத்தால் சுரண்டினார். “அடப்புதான்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மெல்பின் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு முன்னால் வந்தான். “அப்பம் நீயாக்கும் எங்களக் கொல்லப் பாத்தது.”

“ஆமா” என்றாள் ஜினி.

“வேணும்னு செஞ்சிருந்தாக்கூட மன்னிக்கலாம்” என்றான். “இது வெறும் கொணங்கெட்ட வேல.”

பவுலா எஞ்சினுக்குள் வெகுநேரம் பார்த்தாள். அவளுடைய கோபத்துக்கு ஆள் மாறிவிட்டது, அளவு குறையவில்லை. “தாசே, ஒனக்க பெண்டாட்டி இங்க கெடக்கட்டும். இந்தப் பெண்ணு இனி வள்ளத்துக்குப் பக்கத்தில வரப்பிடாது. இவ நிழல்கூட எனக்க எஞ்சின்ல விழப்பிடாது” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

விலாசினி பையிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்ப அடுக்கினாள். ஜினி ஏதோ ஒரு நல்ல வார்த்தை வரும் என்று வாசலில் நின்றாள். “அப்பம் நாளைக்கும் நான்தான் வெள்ளம் சுமக்கணும்” என்றாள் விலாசினி, மகளின் கிழிந்த விரலில் மஞ்சளை அழுத்தி வைத்தபடி. அழுத்தியதில் கொஞ்சம் கூடுதல் பலம் இருந்தது.

கிழக்கிலும் கதவு சாத்தப்பட்டது. மீதிப் புத்தகங்களை எடுக்கப் போனபோது மோகனன் அவற்றைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார். “என் வீட்டுச் சாணி கூடோத்திரமாக்கும்னு கடப்புறம் முழுக்கப் பேச்சு. மந்திரவாதி வீடு, கேட்டியா, மந்திரவாதி வீடு. இனி இவிடெ வரண்டா.” பசுவின் பக்கம் பார்க்கக்கூட அவளை விடவில்லை.

பிற்காலத்தில் ஜினி டிப்ளமோவும், அதற்குமேல் வேலை செய்துகொண்டே மாலை வகுப்பில் எஞ்சினீயரிங் பட்டமும் படித்தாள். படகு எஞ்சின்களில் தண்ணீர் ஓடும் வழிகளைச் சோதித்துப் பார்ப்பது அவள் உத்தியோகமாயிற்று. பவுலா அவளோடு பிறகு பேசவே இல்லை. இந்த வீட்டில் எஞ்சினையும் அந்த வீட்டில் வாளியையும் பார்த்து வளர்ந்தவள் ஜினி. அது ஏன் இப்படி, இது ஏன் அப்படி என்பதை மட்டும் இரண்டு வீட்டிலும் ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. அதற்குத்தான் மூன்றாவது ஓர் இடம் தேவைப்பட்டது.

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த அந்த மழைக்காலத்தில், நெய்யாற்றின்கரைப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருப்பதை அப்பாவிடம் சொன்னாள். சகாயதாஸ் வாசலில் கிழிந்த வலையை முடைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“என்ன படிக்கப் போற?”

“மெக்கானிக்கல்.”

“பெண்ணுங்க எலக்ட்ரானிக்ஸ் இல்லியா எடுக்கியது?”

“ஆமா.”

“பின்ன?”

“எனக்கு எஞ்சின் வேணும்.”

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்: “இனி யாரக் கொல்லியதுக்கு?”

“தெரியாம கொல்லப்பிடாதுல்லா. அதுக்காக்கும்.”

சகாயதாஸ் சிரிக்கவில்லை. “பஸ்ஸு எத்தன மணிக்குன்னு விசாரிச்சு வை” என்று சொல்லிவிட்டு, வலையின் அடுத்த கிழிசலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.