எண்பதாம் நம்பர் நூல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கமான டீச்சர் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். தகுதிகாண் பருவம் முடிய ஒரு மாதம் பாக்கி. ஆய்வுக்கு வரும் அதிகாரி என் வகுப்பைப் பற்றி நல்லபடியாக எழுதினால்தான் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துப் பின்னம் வந்து கழுத்தைப் பிடித்தது. நாலில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா? "எட்டு!" என்று வகுப்பே கத்தும். நாலை விட எட்டு பெரிதாயிற்றே! வட்டம் வரைந்து பங்கு போட்டுக் காட்டினேன். எழுதி எழுதிக் கை வலிக்க வைத்தேன். ஸ்கேலால் அடித்தும் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது. மறுநாள் கேட்டால் மறுபடியும் எட்டு.

ஒரு மதியம் பொறுமை போய், கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தியைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, கீழே இருக்க நம்பர் கூடக்கூடத் துண்டு சிறுசாகும்னு எம்புட்டுத் தடவை சொல்றது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "நூல் மாதிரியா டீச்சர்?"

"என்ன நூலு?"

"நாப்பதாம் நம்பரை விட எண்பதாம் நம்பர் மெலிசுல்ல. எங்கம்மா மில்லுல வேலை பாக்குது. அதே எடைப் பஞ்சுதான். நம்பர் கூடுனா இழை மெலிஞ்சுரும்."

"ஆமா டீச்சர்!" என்றது வகுப்பு. பாதிக்கு மேல் மில் வேலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத்தான் தெரியவில்லை. 'தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு' என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். ஏட்டுச் சுரைக்காய்! என் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று ஒரு நாளாவது கேட்டிருப்பேனா?

மறுநாள் பிள்ளைகள் பஞ்சும் நூலும் கொண்டு வந்தார்கள். பஞ்சைப் பிய்த்து இழுத்தார்கள், காகிதத்தைக் கிழித்துப் பங்கு போட்டார்கள், சண்டை போட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் பார்த்ததே இல்லை. பிள்ளை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது, அதற்குக் கட்டமைப்புவாதம் என்று பெயர் என்பதெல்லாம் தொண்ணூறுகளில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே பெயர் இரைச்சல்.

தலைமையாசிரியருக்கும் அதே பெயர்தான் தெரிந்தது. வாசலில் நின்று கத்தினார். "ஏம்மா, இது பள்ளிக்கூடமா, மில்லா? அதிகாரி வந்தா இந்தக் கூத்தைத்தான் காட்டப் போறீகளா?"

"ஆமா சார், இதைத்தான் காட்டப் போறேன்" என்றேன். கோபத்திலும் ஒரு பிரயோசனம் உண்டு.

அதிகாரி வந்தார். நாலில் ஒன்றா, எட்டில் ஒன்றா என்று கேட்டார். வகுப்பு ஒரே குரலில் சரியாகச் சொன்னது. அத்தோடு விட்டிருக்கலாம் மனுஷன். எட்டில் இரண்டு, நாலில் ஒன்று என்று பலகையில் எழுதி, "இதுல எது பெரிசு?" என்றார். அந்தப் பாடத்தை நான் இன்னும் தொடவேயில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். எண்பதாம் நம்பர் ரெண்டு இழையைச் சேத்து முறுக்குனா நாப்பதாம் நம்பர் கனத்துக்கு வந்துரும். எங்கம்மா பாக்குறது அந்த வேலைதான்."

"டீச்சர் சொல்லிக் குடுத்தாகளா?"

"இல்ல சார். நானாத்தான் யோசிச்சேன்."

தலைமையாசிரியர் என்னை முறைத்தார். போச்சு, என் வேலை போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் உடம்பெல்லாம் சந்தோஷம், அடக்க முடியவில்லை. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்கு மேல என்னம்மா சொல்லிக் குடுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

மறுமாதம் வேலை நிரந்தரமானது. அந்த வாரமே தலைமையாசிரியர் என் வகுப்பு வாசலில் வந்து நின்று, தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, அந்த நூலு என் வகுப்புக்குச் செத்த நேரம் கிடைக்குமா?"

"என்கிட்ட இல்ல சார், அவகிட்டக் கேளுங்க" என்று கடைசி பெஞ்சைக் காட்டினேன்.